நடுச் சுழி

இரவு பதினொன்றரை இருக்கும். ஊரைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போகும் சாலை. இரண்டு பக்கமும் வெட்டவெளி. கம்பங்கள் நட்டிருந்தார்கள், விளக்கு இன்னும் போடவில்லை. பைக் வெளிச்சம் எதுவரை போகிறதோ அதுவரைதான் உலகம். அதற்கு அப்பால்... ஒன்றுமில்லை.

இப்படித்தான் ஆரம்பித்தேன்.

"இரு இரு," என்றான் பொறி. "யாருக்கு நடந்ததுன்னு முதல்ல சொல்லு. ஃப்ரெண்டோட சித்தப்பாவுக்கா, சித்தப்பாவோட ஃப்ரெண்டுக்கா?"

"எனக்கு."

வேனுக்குள் மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நாங்கள் நான்கு பேர். பெயர்ப்பலகை செய்யும் கடை எங்களுடையது. புதிய கட்டடம் ஒன்றின் நெற்றியில் எழுத்துகளை ஏற்றவேண்டும். கிரேன் வரவில்லை. மழை வந்துவிட்டது. வேனின் பின்கதவைச் சாத்திக்கொண்டு, பிளாஸ்டிக் சுற்றிய எழுத்துகளுக்கு நடுவில் முட்டியைக் கட்டி உட்கார்ந்திருந்தோம். பற்றவைப்பவனுக்குப் பொறி என்று பெயர். மின்சார வேலை பார்ப்பவர் அக்கா. எல்லோருக்கும் அக்காதான், முதலாளிக்குக்கூட. வண்டி ஓட்டுபவர் டிரைவர் அண்ணன். கூரையில் ஒரு டார்ச் தொங்கிக்கொண்டிருந்தது.

சாப்பிட்டு முடித்திருந்தோம். அவர்கள் கொண்டுவந்தது பற்றாமல் என் அடுக்கு டப்பாவையும் பிரித்துத் தின்றார்கள். பொறி கையை முகர்ந்துகொண்டே, "உன் மச்சினி கைப்பக்குவமா? சோப்பு போட்டாலும் போகாது போலிருக்கே," என்றான். நான் பதில் சொல்லவில்லை. அப்புறம் பேய்க் கதை. டிரைவர் அண்ணன், லிஃப்ட் கேட்டு ஏறிய பெண்ணுக்குப் பாதம் இல்லாத கதையைச் சொன்னார். பொறி, பிணம் தீப்பெட்டி கேட்ட கதையைச் சொன்னான். அடுத்தது என் முறை. மூன்று பேரும் என்னைத் தாண்டிப் பார்த்தார்கள். மனைவி போனதிலிருந்து எல்லோரும் என்னைச் சூடான பாத்திரத்தைத் தூக்குவதுபோலத்தான் கையாளுகிறார்கள்.

"அவனை விடுங்கடா," என்றார் அக்கா.

"நான் சொல்றேன் அக்கா," என்றேன்.

வேனில் இருந்தவர்களுக்கு என் வேலை தெரியும். உங்களுக்குச் சொல்லவேண்டும். பழைய கடைப் பலகையில் ஓர் எழுத்து விழுந்துவிடும். காற்று, துரு, பின்னால் எடுத்த லாரி, ஏதோ ஒன்று. கடைக்காரர் பலகை முழுவதையும் மாற்ற மாட்டார். விழுந்த எழுத்தை மட்டும் கேட்பார். அது என்ன எழுத்துரு, யார் செய்தது, எதுவும் அவருக்குத் தெரியாது. ஃபோனில் ஒரு மங்கலான படம் வரும், அவ்வளவுதான். மிச்சம் இருக்கும் எழுத்துகளை வைத்து அது இன்னது என்று கண்டுபிடித்து, இல்லாததை வெட்டிக் கொடுப்பது என் வேலை.

இதில் முதல் விதி, வாசிக்கக் கூடாது. வாசித்தால் கண் சொல்லைப் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. அதனால் படத்தைத் தலைகீழாகத் திருப்பிவிடுவேன். புள்ளி வட்டமா, சதுரமா, நடுவில் ஓட்டை உண்டா? 'ல'வின் வயிறு சப்பையா, உருண்டையா? 'க'வின் கழுத்து எங்கே மடிகிறது? மூன்று சுழி 'ண'வில் மூன்றும் ஒரே அளவா? ஆளை முகத்தை வைத்துச் சொல்வதில்லை, காது மடலை வைத்துச் சொல்வது மாதிரி. கண்டுபிடித்தபின் அந்தப் பலகையில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பலமுறை இதற்காகக் கேலிக்கு ஆளாகியிருக்கிறேன். ஒருமுறை முதலாளி, "நேத்து ஒரு பல் டாக்டர் போர்டு பார்த்தியே, எந்தத் தெரு?" என்று கேட்டார். அது பல் டாக்டர் போர்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

என் மனைவி எழுத்து வரைபவள். உள்ளறையில் ஒரு மேசை. பென்சில், ரப்பர், மேசை விளிம்பில் திருகிவைத்த பென்சில் சீவி, கைப்பிடியைச் சுற்றுகிற வகை. சொந்தமாக ஓர் எழுத்துரு வரைந்துகொண்டிருந்தாள். ஓடும் வண்டியிலிருந்து படிக்கிற மாதிரி, சாலையோரப் பலகைகளுக்கு. அது முடியவில்லை. பெயரும் வைக்கவில்லை. கம்ப்யூட்டரில் ஏற்றவில்லை. எங்கேயும் யாரும் பயன்படுத்தவில்லை. தாளில் மட்டும்தான் இருந்தது, அந்தத் தாள்கள் எங்கள் அலமாரியில்.

அவளுடைய 'ண'வில் நடுச் சுழி சற்றுச் சின்னது. ஏன் என்று கேட்டேன். அவளுக்கு மேலே ஓர் அண்ணன், கீழே ஒரு தங்கை.

"நடுவுல பொறந்ததுக்கு எப்பவும் இடம் கம்மிதான் கண்ணு," என்றாள்.

கண்ணு என்பது கதவுக்கு உள்ளே மட்டும். வெளியே 'என்னங்க'தான். அவள் வீட்டாருக்குக்கூடத் தெரியாது.

புள்ளியும் அப்படித்தான். அவள் புள்ளி வட்டம் கிடையாது. மேல் பக்கம் லேசாகச் சப்பை. மை காய்வதற்குள் யாரோ விரல் நுனியால் அழுத்தியதுபோல இருக்கும். நான் லென்ஸை எடுத்துக்கொண்டு தாள்மேல் கவிழ்ந்துவிடுவேன். அவள் என் நெற்றியில் கைவைத்துத் தள்ளுவாள்.

"மூக்கை வச்சுப் பார்க்காத. இது கிட்ட நின்னு பார்க்கிற எழுத்து இல்ல. தள்ளி நின்னு படி."

அவளுக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்சியில் இரண்டு பேர் போனோம். திரும்பும்போது நான் மட்டும்.

"வேண்டாம்டா," என்றார் அக்கா. "இதைச் சொல்லணும்னு இல்ல."

"இதுக்கு அப்புறம்தான் அக்கா கதையே."

மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. பொறி டார்ச்சைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டான்.

ஒரு மாதம் போயிருக்கும். படுத்திருந்தேன். உள்ளறையில் க்ர்ர்... க்ர்ர்... என்று சத்தம். நின்றது. மறுபடி க்ர்ர்... ஒரே ஒரு சுற்று. பென்சில் சீவும்போது அவள் இடையில் நிறுத்துவாள், முனையைப் பார்ப்பதற்கு. கூராக இல்லையென்றால் இன்னும் ஒரு சுற்று. அதே இடைவெளி.

எழுந்து போனேன். யாரும் இல்லை. மேசையில் சீவல் கிடந்தது. மரவாசனை... புதுசாகச் சீவினால் மட்டும் வருகிற வாசனை.

பயம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. கதவைச் சாத்தாமல் வந்து படுத்தேன். மறுபடி சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டேன். அவள் போனபின் முதல்முறையாக ஒழுங்காகத் தூங்கினேன்.

"ஐயோ," என்றார் டிரைவர் அண்ணன், மெதுவாக.

அதற்குப் பிறகு டப்பா. சமையலறையில் எல்லா டப்பாவுக்கும் அவள் கையால் எழுதி ஒட்டியிருந்தாள், எனக்காகத்தான். முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாது எனக்கு. உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் நக்கிப் பார்த்துத்தான் தெரியும். எண்ணெய் டப்பாவில் ஒட்டியிருந்தது ஊறி ஊறி விழுந்துபோயிருந்தது. ஒருநாள் காலை பார்க்கிறேன்... புதுத் தாள். 'எண்ணெய்' என்று எழுதி, நான்கு மூலையும் மடங்காமல் ஒட்டி.

அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

அப்புறம், தொழில் புத்தி. மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு டப்பாவைத் தலைகீழாகத் திருப்பினேன். மூன்று சுழியும் ஒரே அளவு. புள்ளி முழு வட்டம்.

அவள் எழுத்து மாதிரி இருந்தது. அவள் எழுத்து இல்லை.

எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன இடத்தில் கை கொஞ்சம் மறந்திருக்கும். பழகினால் வந்துவிடும். அலமாரியில் இருந்த தாள்களை எடுத்து மேசையில் வைக்கலாம் என்று தேடினேன், அதைப் பார்த்தாவது நினைவு வரட்டும் என்று. தாள்கள் இல்லை. அவள் அண்ணன் எல்லாச் சாமான்களோடும் அவற்றையும் எடுத்துப்போயிருந்தான். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து. எங்கே என்று கேட்டேன். எரித்துவிட்டதாகச் சொன்னான்.

ஆக, அவள் எழுத்து என்று உலகத்தில் எதுவும் மிச்சம் இல்லை. டப்பாக்களில் இருந்த பழைய தாள்களைத் தவிர. அவற்றில் 'ண' கிடையாது, புள்ளிகளும் அவசரத்தில் வைத்த வெறும் பேனாக் குத்து.

இப்போது அந்தச் சாலை.

பக்கத்து ஊரில் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தேன். பதினொன்றரை. தூறல். சாலையோரம் பெரிய விளம்பரச் சட்டம் ஒன்று உண்டு. இரண்டு மாடி உயரம்.

"தெரியும்," என்றார் டிரைவர் அண்ணன். "வளைவுக்கு முன்னாடி. ஆனா அது காலிச் சட்டம்டா. வெறும் தகரம். நான் எத்தனை வருஷமா ஓட்டுறேன், அதுல யாரும் எதுவும் ஒட்டினதே இல்ல."

"பகல்ல காலிதான் அண்ணே."

அவர் முட்டியை இன்னும் நெருக்கிக் கட்டிக்கொண்டார்.

வளைவில் வண்டி திரும்பும்போது வெளிச்சம் சட்டத்தின் கீழ்விளிம்பை ஒரு கணம் துடைத்துவிட்டுப் போனது. எழுத்துகளின் அடி மட்டும் தெரிந்தது. வலது ஓரத்தில் ஒரு வால். 'ணு'வின் வால். முடிகிற இடத்தில், எழுந்திருக்கப் பார்க்கிற மாதிரி, கொஞ்சம் மேலே தூக்கியிருந்தது.

அந்த வாலை நான் எங்கே பார்த்தாலும் சொல்வேன். பிரேக்கை எப்போது பிடித்தேன் என்று தெரியவில்லை. வண்டி சறுக்கி நின்றது. இஞ்சினை அணைத்தேன். தகரத்தில் தூறல் விழும் சத்தம். வேறு ஒன்றுமில்லை... பூச்சிச் சத்தம்கூட இல்லை.

வலது ஓரத்தில் ஏணி. இந்தத் தொழிலில் ஏணிக்குப் பயப்பட முடியாது. ஏறினேன். மேலே ஆள் நடக்கக் கம்பிப் பாதை, ஒரு முழ அகலம். எழுத்து என்னைவிட உயரம். மூக்குக்கு எதிரே கறுப்பாக ஒரு சுவர், அதன் விளிம்பு வளைந்து போகிறது. பக்கத்தில் நின்றால் அவ்வளவுதான் தெரியும். டார்ச்சை அடித்து அந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டே போனேன். முதல் சுழி. அடுத்தது... சின்னது. அதற்கடுத்தது பெரியது.

நடுச் சுழி சின்னது.

கையை வைத்தேன். ஈரமாக இருந்தது. மழை ஈரம் இல்லை, பிசுபிசுப்பு. விரலில் பென்சில் கரி.

"ஃபோட்டோ எடுத்தியா?" என்றான் பொறி. அவன் குரலில் கேலி இல்லை.

எடுத்தேன். கையை முழுசாக நீட்டி, ஒரு எழுத்தை ஒரு படத்துக்குள் கொண்டுவரவே பாடாக இருந்தது. அன்றைக்கு இரண்டு எழுத்து. டார்ச் மங்கிவிட்டது. மறுநாளும் போனேன். அதற்கு அடுத்த நாளும். ஏணி வலது பக்கம் என்பதால் வலதிலிருந்து இடதாக, தினம் இரண்டு மூன்று. பகலில் ஒருமுறை போய்ப் பார்த்தேன், துருப்பிடித்த தகரம். இரவில் எழுத்து. எப்படி என்று யோசிக்கவில்லை. அவள் எழுத்து கிடைக்கிறது. எரிந்துபோனது ஒவ்வொன்றாகத் திரும்பி வருகிறது. எனக்கு அது போதும்.

"சரி, போர்டுல என்னதான் எழுதியிருந்தது?" என்றார் அக்கா.

"படிக்கல."

"என்னடா சொல்றே?"

"படிக்கல அக்கா."

பொறி என்னைப் பார்த்தான். பிறகு அக்காவிடம் சொன்னான். "இவன் படிக்க மாட்டான் அக்கா. இவனுக்கு அந்த வியாதி உண்டு."

படங்களைப் பெரிதாக அச்சடித்தேன். நாங்கள் மாதிரி எழுத்துகளை எப்படி ஒட்டுவோம்? அகர வரிசையில். இரண்டு தடவை வந்த எழுத்தில் ஒன்று போதும். அப்படியே சமையலறைச் சுவரில் ஒட்டினேன், டப்பா வரிசைக்கு நேர் மேலே. ஒப்பிட்டுப் பார்க்க வசதி.

மறுநாள் எண்ணெய் டப்பாவில் வேறு தாள் ஒட்டியிருந்தது. திருப்பிப் பார்த்தேன். நடுச் சுழி சின்னதாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே சின்னது, யாரோ கவனமாகப் பார்த்துப் போட்டதுபோல. புள்ளி இன்னும் வட்டம்தான். நான் புள்ளி வைத்த எழுத்துகளின் படத்தை மேலும் பெரிதாக அச்சடித்து ஒட்டினேன். அதற்கடுத்த நாள் புள்ளியும் மேலே சப்பையானது.

எனக்குச் சந்தோஷம். கை திரும்பி வருகிறது என்று நினைத்தேன். உள்ளறை வாசலில் நின்று, "நல்லா வந்திருக்கு," என்று வாய்விட்டுச் சொன்னேன்.

க்ர்ர்... என்று ஒரு சுற்று. பதில் மாதிரி.

அந்த வாரம்தான் அவள் தங்கை வந்தாள். சின்னவள் என்று கூப்பிடுவோம். இரண்டு நாளுக்கு ஒருமுறை சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் சாப்பிடுகிறேனா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவாள். சமையலறைக்குள் வந்தவள் சுவரைப் பார்த்தாள்.

"என்ன மாமா இது, எல்கேஜி கிளாஸ் மாதிரி இருக்கு?"

"உன் அக்கா எழுத்து."

பாத்திரத்தை வைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தாள். 'ண்' மேல் விரலை வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்கும் அந்த நடுச் சுழி தெரியும்.

"அண்ணன் எல்லாத்தையும் எரிச்சுட்டேன்னு சொன்னானே?"

"இது ரோட்டுல கிடைச்சது. ஒரு போர்டுல."

"அக்கா எழுத்தை யாரு போர்டுல வைக்கிறது? என்ன போர்டு மாமா?"

"தெரியாது."

"என்ன எழுதியிருந்தது?"

"பார்க்கல."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்படி ஒருவரைப் பார்த்தால் அடுத்தது டாக்டரிடம்தான் கூட்டிப்போவார்கள். "ஃபோனைக் குடுங்க," என்றாள்.

கொடுத்தேன். ஃபோனில் கடைசியாக எடுத்த படம்தான் முதலில் வரும். நான் எப்போதும் தொடக்கத்திலிருந்து பார்ப்பவன். அவள் கடைசியிலிருந்து தள்ளினாள். வலதிலிருந்து இடதாக நான் எடுத்தது, அவள் தள்ளத் தள்ள, இடதிலிருந்து வலதாக வந்தது. சின்னப் பிள்ளை எழுத்துக் கூட்டுவதுபோல உரக்கப் படித்தாள்.

"வீ... ட்... டி... ல்..."

உள்ளறையில் க்ர்ர்... என்றது.

அவள் நிமிர்ந்தாள். "உள்ள யாரு மாமா?"

அவள் குரல் இறங்கிவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை.

"இ... ரு... ப்... ப... து..."

உள்ளே சத்தம் நின்றது. முனையைப் பார்க்கும் இடைவெளி. ஆனால் அந்த இடைவெளி முடியவே இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறது என்று தோன்றியது.

"நா... ன்... இ... ல்... லை." படித்ததை வாய்க்குள் ஒருமுறை சேர்த்துப் பார்த்தாள். எனக்கும் கேட்டது. வீட்டில் இருப்பது நான் இல்லை.

இன்னும் மூன்று படம் இருந்தது. அவற்றையும் தள்ளினாள்.

"க... ண்... ணு."

என்னைப் பார்த்தாள்.

"கண்ணுன்னா யாரு மாமா?"

வேனுக்குள் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். டிரைவர் அண்ணன் தன் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் சுற்றிய எழுத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

சின்னவள் ஃபோனை மேடையில் வைத்தாள், கண்ணாடிச் சாமானை வைப்பதுபோல. "வாங்க மாமா. இப்படியே கிளம்பிடலாம். எதையும் எடுக்க வேண்டாம்," என்றாள். நான் நகரவில்லை. கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா!" என்று ஒருமுறை கத்தினாள். பிறகு அவள் கண் என்னைத் தாண்டி உள்ளறை வாசலுக்குப் போனது. அங்கே என்ன பார்த்தாள் என்று இதுவரை சொல்லவில்லை. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். அன்றோடு சரி. ஃபோன் பண்ணுவாள். வீட்டுக்கு வருவதில்லை.

அன்றிரவு அந்தச் சாலைக்குப் போனேன். இந்தத் தடவை ஏணியில் ஏறவில்லை. சாலையின் எதிர்ப்பக்கம், எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றேன். படிப்பதற்காக. பைக்கைத் திருப்பி வெளிச்சம் அடித்தேன்.

தகரம். துரு. மழைத்தண்ணீர் கோடு கோடாக வடிந்துகொண்டிருந்தது.

விடியும்வரை நின்றேன். அதற்குப் பிறகும் பலமுறை போய்விட்டேன். ஒன்றும் இல்லை. அவள் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டாள், என்னை விட உயரமான எழுத்தில். ஓடுகிற வண்டியில் போகிற எவனும் படித்திருப்பான். நான் ஏணி போட்டு ஏறி, மூக்கை வைத்துச் சுழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்ததை ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுபோய், அதன் கண்ணுக்கு நேரே ஒட்டிவைத்தேன்.

கதை அவ்வளவுதான்.

டார்ச் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"இப்ப எங்கடா இருக்கே?" என்றார் டிரைவர் அண்ணன்.

"வீட்டுலதான் அண்ணே."

"அந்த வீட்டுலயா? டேய், தெரிஞ்சும் எப்படிடா...? எங்க வீட்டுக்கு வந்துடு. இன்னைக்கே வா. ஹால்ல படுத்துக்க."

அக்கா என் முழங்கையைப் பிடித்தார். "அது அவ இல்லன்னு அவளே சொல்லியாச்சு. உனக்கு இன்னும் என்னடா வேணும்?"

இருந்ததைச் சொன்னேன்.

"நான் போகும்போது லைட் எரியுது அக்கா. முன்னாடி பூட்டைத் திறந்து, இருட்டுல சுவிட்சைத் தடவணும்."

அக்கா கையை எடுக்கவில்லை. ஆனால் பிடி தளர்ந்தது.

வெளியே பெரிய வண்டி பின்னால் வரும் பீப்... பீப்... சத்தம். கிரேன் வந்துவிட்டது. டிரைவர் அண்ணன் கதவைத் தள்ளித் திறந்தார். மழை வாசனை உள்ளே வந்தது. எல்லோருக்கும் எழுந்திருக்க ஒரு சாக்கு கிடைத்த மாதிரி இருந்தது. கையுறைகளைத் தேடினார்கள். பொறி என் அடுக்கு டப்பாவை எடுத்து, மூடியைத் துடைத்து நீட்டினான். நீட்டியவன் பாதியில் நிறுத்தினான். கூரையிலிருந்து டார்ச்சைக் கழற்றி மூடியின்மேல் அடித்தான். மூடியில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. நான்கு மூலையும் மடங்காமல்.

அவன் அதைப் படிக்கவில்லை. எங்கள் தொழில்தானே அவனுக்கும். மூடியை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினான்.

"நடுச் சுழி சின்னதா இருக்குடா," என்றான். அவன் குரல் எங்கேயோ இருந்து வந்தது. "புள்ளி... மேல சப்பையா இருக்கு."

"ம்."

"உன் மச்சினிதான் வர்றதில்லன்னு சொன்னியே. அப்ப நாம தின்னது...?"

நான் டப்பாவை வாங்கிப் பையில் வைத்தேன். அடுக்குகள் இன்னும் இளஞ்சூடாக இருந்தன. வீட்டிலிருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பியது மாலையில். இப்போது நள்ளிரவு தாண்டிவிட்டது.

மூடியில் ஒரே ஒரு சொல்தான். கண்ணு. சின்னவள் வந்துபோன மறுநாள் காலையிலிருந்து தினமும் இருக்கிறது. என்னை என்னவென்று கூப்பிடுவது என்று அதற்கு அதுவரை தெரிந்திருக்கவில்லை.